சிவபாக்கியத்தின் மூன்று குழாய்கள்

முதல் குழாய் எடுத்தபோது காய்ச்சல் ஏழாம் நாள்.
டைபாய்டு என்றார்கள், மலேரியா என்றார்கள்,
பிறகு எதுவும் சொல்லாமல் சலைன் ஏற்றினார்கள்.
இடுப்பில், படங்குக் கயிறு இறுக்கும் இடத்தில்
பீடி சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு.
வலிக்கவில்லை, அரிக்கவில்லை, அதனால் யாருக்கும் காட்டவில்லை.
நாடாவைத் தளர்த்தச் சொல்லிப் பார்த்தவள்
இரவுப்பணி நர்ஸ் டெய்சிராணி.
உண்ணிக்காய்ச்சல்.
சீட்டில் அதன்பின் ஒரே பெயர், டாக்சிசைக்ளின்.

மாத்திரைக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது.
எனக்குத்தான் பதினைந்து மாதமாகிறது,
அந்த ஏழு நாளும் அவள் செல்களுக்குள்
யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று ஒட்டுக்கேட்க.

குன்னூரில் என் மேசை ஜன்னலோரம்.
ஆடி மாதத்தில் மேகம் உள்ளே வந்து
பைப்பெட் தாங்கியை நனைத்துவிட்டுப் போகும்.
ஆர்என்ஏ பொறுக்காது.
கையுறை மறந்த ஒரு விரல் பட்டால் சொன்னதெல்லாம் கரைந்துவிடும்.
எந்திரம் சுற்றுகிறது. கோடுகள் தரையோடு கிடக்கின்றன,
எங்கோ ஒன்று தலை தூக்குகிறது.
இருபதாம் சுற்றில் எழுந்தால் அந்த மரபணு அலறியிருக்கிறது,
முப்பத்தாறில் என்றால் முனகல்.
எண் குறையக் குறையச் சத்தம் கூடும் இந்தக் கணக்கு
பழக எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

எழுத்து மாறுவதில்லை.
கருவில் கொடுத்த புத்தகம்தான் காய்ச்சலிலும்.
எந்தப் பக்கத்தை எத்தனை முறை உரக்கப் படிக்கிறார்கள்,
அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தேன்.
கிருமி நுழைகிறது, போர்த்திய சவ்வைக் கிழிக்கிறது,
கல்லாற்றிலிருந்து ரயில் ஏறுவது போலப்
பல் பல்லாகப் பற்றி உட்கருவின் வாசல்வரை போகிறது.
அங்கே எதையும் கொளுத்துவதில்லை.
அபாயப் பக்கத்தைப் படிக்க உள்ளே போன புரதத்தைத்
தோளில் கைபோட்டு வெளியே கூட்டிவந்துவிடுகிறது.
புத்தகம் திறந்து கிடக்கிறது.

ரத்தம் வேறு கதை சொன்னது.
பிடிபட்ட வீடு வாய் திறக்காவிட்டாலும்
பக்கத்து லயத்துச் செல்கள் கூவியிருக்கின்றன,
இன்டர்ஃபெரான், இன்டர்ஃபெரான் என்று, பத்தொன்பதாம் சுற்றிலேயே.

இரண்டாம் குழாய் சென்ட்ரிஃப்யூஜில் உடைந்தது.
என் தவறு.

மூன்றாவதற்கு நானே போனேன்.
கீழ்க்கோத்தகிரி பஸ், மடியில் ஐஸ்பெட்டி.
எடை போடும் இடத்தில் நின்றிருந்தாள்,
தூறலுக்குத் தலையில் ஓர் உரச்சாக்கு.
கையை நீட்டினாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள்.
நரம்பு சட்டெனக் கிடைத்தது.
"எங்க ரத்தத்துல என்னங்க படிச்சீங்க?"
சொன்னேன், எனக்குத் தெரிந்த தமிழில்:
சத்தம் போட வேண்டிய பேர்களைக்
கூப்பிட விடாமல் ஒருத்தன் தடுக்கிறான்.
"பெரட்டுல பேரு கூப்பிடாத மாதிரியா?"
அதேதான்.
"எனக்கு ஒம்பது நாளு பெரட்டுல பேரு இல்ல.
சம்பளமும் இல்ல. அது தெரியுதா அதுல?"
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.
அவள் பிடிக்கவில்லை. தராசில் அவள் முறை வந்துவிட்டது.

அந்த ராத்திரி கரண்ட் இரண்டு முறை போனது.
மறுபடி ஓட்டினேன்.
நாற்பது சுற்றும் கிருமியின் கோடு எழவேயில்லை.
இன்டர்ஃபெரான் ஓய்ந்திருந்தது.
ஒரே ஒரு மரபணு மட்டும், பெயர்கூட வாய்க்குள் நிற்காத ஒன்று,
ஆள் போனது தெரியாமல்
இருபத்தேழில் இன்னும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது.
குறிப்பேட்டில் அதை எழுதினேன்.
ஓரத்தில் பென்சிலால் ஒன்பது என்றும் எழுதினேன்.
ஒன்பது என்ன என்று எழுதவில்லை.
யாராவது கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.